பூச்சியத்துக்குத் திரும்புதல்

காலை எட்டு இருபது. கரண்ட் வந்ததும்
கைக்கு ஒன்றும் ஞாபகமில்லை.
நேற்று விட்ட கோணத்திலேயே நிற்கிறது,
ஆறு மூட்டும் மடங்கி,
தான் நிற்பது எங்கே என்று தெரியாமல்.

இதற்கொரு கட்டளை இருக்கிறது: வீடு.
பச்சைப் பொத்தானை அழுத்த
பின்னோக்கி நகரும், மெல்ல, மிக மெல்ல,
எதிலாவது போய் இடிக்கும் வரை.
டிக்.
இடித்த இடம் பூச்சியம்.
மற்றதெல்லாம் அங்கிருந்துதான் எண்ணிக்கை.

நான் இந்த ஆய்வுகூடத்தின் தொழினுட்ப அலுவலர்.
சாவியும் பதிவேடும் என் பொறுப்பு.
துறைக்குப் பலகை எழுதியவர்
ரோவுக்குக் கால் போட மறந்துபோக
மூன்று மாதம் ரேபோவியலாய் இருந்தோம்.
நடக்கும் இயந்திரம் செய்யவந்த துறைக்கு
முதற்கால் வாங்கிக் கொடுத்தவன் நான்,
ஒரு சின்னப் பேணி கறுப்புப் பெயின்றில்.

வியாழன் பின்னேரம் டிக் கேட்கவில்லை.
கை பின்னால் போனது, போனது,
சுவரில் முழங்கையை ஊன்றி
உறுமிக்கொண்டு நின்றது.
சுவிட்ச் செத்துவிட்டது.
கம்பனிக்கு எழுதினால் எட்டுக் கிழமை,
சுங்கம் வேறு.
சனிக்கிழமை கண்காட்சி. பதினொரு பள்ளிக்கூடம்.

யதுசிகா மூன்றாம் வருடம், புலோலிப் பிள்ளை.
ஸ்டான்லி வீதியில் இருநூறு ரூபாய்க்கு
பழைய கணினி மவுஸ் ஒன்று வாங்கிவந்து
வயிற்றைக் கிழித்து
சொடுக்கும் துண்டை மட்டும் எடுத்தாள்.
பற்றவைக்கும் நேரம் பார்த்து கரண்ட் போக
கஜவதனன் போனைப் பல்லில் கடித்து வெளிச்சம் பிடித்தான்.
ஈயப் புகை. எச்சில். ஒரு கெட்ட வார்த்தை
(நான் கேட்கவில்லை).

டிக். சின்னச் சத்தம், ஆனால் டிக்.

பிறகு முட்டை வைத்துப் பார்த்தோம்.
இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு
நூறு தடவை சிந்தாமல் மாற்றிய கை
முதல் முட்டையையே விளிம்பில் உடைத்தது.
அளந்தோம்.
புதிய சுவிட்ச் மூன்று மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறது.
கைக்குப் பழக்கிய இருநூற்றுப் பதினாலு புள்ளிகளும்
மூன்று மில்லிமீற்றர் பிழை.

பதிவேட்டில் எழுதினேன்:
பூச்சியம் இடம்பெயர்ந்தது.
எட்டிப் பார்த்தவள்
‘அண்ணை, அது இடப்பெயர்ச்சி’ என்றாள்.
அவளுக்கு அந்தச் சொல்லில்
தூரமும் திசையும்தான், வேறொன்றும் இல்லை.
சைக்கிள் இல்லை, மழை இல்லை,
பாலத்தில் நெரிசல் இல்லை.
நல்லது.
வெட்டிவிட்டு அவள் சொன்னபடி எழுதினேன்.

புள்ளி புள்ளியாய் மாற்ற நாளில்லை.
இரவு ஒரு மணிக்கு ஒற்றை வரி சேர்த்தாள்:
எல்லாவற்றிலும் மூன்றைக் கழி.
கீழே தமிழில் ஒரு குறிப்பு,
அடுத்த பட்ச்சுக்காக:
சுவிட்ச் மாற்றினால் இந்த வரியை அழிக்கவும்.
மறக்கவேண்டாம்.

சனிக்கிழமை முட்டை உடையவில்லை.
வேலணையிலிருந்து வந்த பெடியன் ஒருவன்
கையைப் பார்க்கவில்லை, என்னைக் கேட்டான்:
‘உடைஞ்சதை ஆர் சாப்பிட்டது?’

ஒன்பதாம் கிழமை பார்சல் வந்தது.
நுரைப் பெட்டிக்குள் அசல் சுவிட்ச்,
அச்சொட்டாய் அதே அளவு.
அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.
பதிவேட்டில் என் கையெழுத்து:
பெறப்பட்டது. பொருத்தப்படவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

காலை எட்டு இருபது.
கை பின்னால் நகர்கிறது.