மறுகா

இல்ஸே கேட்டது ஒரு கடிதம்.
இவள் இந்த வீட்டில் குடியிருக்கிறாள் என்று ஒரு வரி,
கீழே கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம்.
பத்தரமுல்லையில் அதைக் காட்டினால்தான்
விசா நீளுமாம்.
படலையைச் சாத்திக்கொண்டே என் வீட்டுக்காரர் சொன்னார்:
மறுகா.

மூன்று கிழமையாய் மறுகா.
கரண்ட் இல்ல, மறுகா.
ஜும்ஆவுக்கு நேரமாகுது, மறுகா.
எங்கள் உல்லைத் தமிழில்
அவளுக்குப் படிந்த முதற்சொல் அதுதான்,
தண்ணீருக்கும் சோற்றுக்கும் முன்னால்.
லாத்வியாவில் அதற்குச் சொல் இருக்கிறதா என்று கேட்டேன்.
இருக்கிறதாம், ஆனால் அங்கே அது
ஏதோ ஒரு நாளில் முடிந்துவிடுமாம்.

வாடகைக்கு மறுகா கிடையாது.
முதலாந் திகதி, கைக்காசு, பற்றுச்சீட்டு இல்லை.
எழுதினால் பிரதேச சபை வருமாம்,
வரி வருமாம்,
அனுமதிப்பத்திரம் எங்கே என்று ஜீப் வருமாம்.

அவள் பொலிஸுக்குப் போனாள்.
கிராம சேவகரிடம் போ என்றார்கள்.
கிராம சேவகர் வீட்டுக்காரரைக் கூட்டிவரச் சொன்னார்.
வீட்டுக்காரர் அப்போதுதான் பொத்துவில் சந்தைக்குப் போயிருந்தார்.
கரண்ட் பில்லாவது தாங்க என்றாள்.
கொடுத்தேன்.
அதில் என் உம்மாவின் பெயர்.

உம்மா மௌத்தாகிப் பதினொரு வருஷம்.
மின்சார சபைக்கு இன்னும் தெரியாது;
மாதாமாதம் அவர் லைட் போடுகிறார், ஃபேன் சுழற்றுகிறார்,
பிந்தினால் சிவப்பு நோட்டீஸும் அவருக்குத்தான்.
இல்ஸேக்குச் சிரிப்பு வந்தது.
சிரித்துக்கொண்டே மாடிப்படியில் இருந்தாள்,
பிறகு அழுதாள்.
விசா முடிய ஒன்பது நாள்.

நான் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.
ஒரு விஷயத்தை அவளுக்கு யாரும் சொல்லவில்லை:
இந்தக் கரையில் வீடு ஆம்பிளைக்கு வாறதில்ல.
இது உம்மா எனக்குச் சீதனமாய் எழுதியது.
அவர் கலியாணத்தன்று ஒரு சூட்கேசோடு
படலைக்குள் வந்தவர்.
இருபத்திரண்டு வருஷமாய் இருக்கிறார்
பதிவுமில்லாமல்,
வாடகையுமில்லாமல்.

உறுதியை எடுத்தேன்.
வடக்கே மம்மலியார் வளவு, மேற்கே ஒழுங்கை,
கிழக்கே கடல்.
அந்தக் கடல் ஒருதரம் எல்லை தாண்டி வந்து
அலுமாரியைக் கொண்டுபோனது, சுவரைக் கொண்டுபோனது.
உறுதி தப்பியது,
அன்றைக்கு அது அக்கரைப்பற்று வங்கியில்
அடகில் கிடந்தபடியால்.

அபாயாவை மாட்டிக்கொண்டு அவளையும் கூட்டிப் போனேன்.
கிராம சேவகர் தலையைத் தூக்காமலே கேட்டார்:
"வீட்டுக்காரர் வரல்லயா?"
"வந்திரிக்கி" என்றேன்.
அவர் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.
கதவில் யாருமில்லை,
இல்ஸேயின் காலில் ஒட்டிய மணல் மட்டும்
சீமெந்தில் உதிர்ந்து கிடந்தது.

பேனை இரண்டு இடத்தில் தடுக்கியது.
என் பெயரை முழுதாய் எழுதிக் கனகாலம்.
மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது எழுதியது,
தாய் என்ற கோட்டுக்கு மேல்.
இந்தத் தாளில் கோட்டுக்குக் கீழே
உரிமையாளர் என்று அச்சடித்திருந்தது.
சித்தி மஸ்னவியா.
கடைசி எழுத்து பெட்டிக்கு வெளியே போய்விட்டது.

வரி வந்தால் நீயே கட்டு என்றார் அவர்.
சரி என்றேன்.
மூன்று இரவு கதை இல்லை.
அவருடைய பயத்தைப் பிழை சொல்லமாட்டேன்.
சபையிலிருந்து ஒருவன் படிவத்தோடு வந்தும்விட்டான்;
குர்ஆன் வைக்கிற தட்டுக்குக் கீழ்த்தட்டில்
நிரப்பாமல் கிடக்கிறது.

ஒக்டோபரில் அலை படுத்ததும் இல்ஸே போய்விட்டாள்.
மாடியில் பலகைக்குப் பூசுகிற மெழுகு வாசம்
மாரி முழுக்கக் கிடந்தது.

தை மாதம் அவர் ஓட்டோ எடுக்க லீசிங்குக்குப் போனார்.
வதிவிடத்துக்கு அத்தாட்சி கேட்டார்களாம்.
பில்லைக் காட்டினாராம்.
"இது யார், உங்கட மாமியா? அவ வந்து ஒப்பம் வைப்பாவா?"
பின்னேரம் குசினி வாசலில் வந்து நின்றார்,
ஒரு வெள்ளைத் தாளோடு,
மழையில் நனையாமல் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு.
"ஒரு வரிதான்கா. இவர் இந்த வீட்டில இரிக்கார் எண்டு."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.
கை காயட்டும் என்றேன்.