கதவு

லண்டன்பேட்டை ரேஷன் கடை வரிசையில்
எனக்கு நாலு ஆள் முன்னால் நின்றிருந்தார்
கதவு.

அட்டையில் திம்மராஜ் என்று இருக்கும்.
நாங்கள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.
பேட்டை பிரண்ட்ஸ் அணியில் ஒன்றாம் நம்பர்.
பந்து அவர் பக்கம் திரும்பினால்
பள்ளி மைதானம் மொத்தமும் 'சாத்து, சாத்து' என்று கத்தும்.
சாத்துவார்.

இன்றைக்கு மெஷினுக்கு அவரைத் தெரியவில்லை.
கட்டைவிரல் வைத்தார். இல்லை.
ஆள்காட்டி விரல். இல்லை.
வேட்டியில் துடைத்து, தலையில் தேய்த்து எண்ணெய் ஏற்றி,
கோணலாய்க் கூடிப்போன சுண்டுவிரலைக்கூட
அழுத்திப் பார்த்தார்.
"ரேகையே இல்லியே பெரியவரே" என்றான் கோபிநாத்.
அவன் பிறந்ததே தொண்ணூற்றெட்டில்.
அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

"ரேகை எங்கடா இருக்கும்?"
மாம்பழ மண்டிக் கணக்கை அப்படியே போட்டுவிட்டு வந்த நூருல்லா
பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் போனார்.
"கோலார் தங்கவயல்காரன் அடிச்ச பெனால்டில போச்சுடா
அந்த ரேகை."

"பெனால்டி இல்ல. ஃப்ரீ கிக்."
பாமாயில் வரிசையிலிருந்து முனிகிருஷ்ணன்.
"அன்னிக்கு மழை, பந்து வழுக்குச்சு."
"மழையா? தூசில மலையே தெரியல அன்னிக்கு!"
கடைசியில் இரண்டு பேரும் ஒத்துப்போனது
ஒரே விஷயத்தில்:
வலது பக்கம் பாய்ந்தார்.

"இடது பக்கம்" என்றேன்.

திரும்பிப் பார்த்தார்கள்.
நீ எங்கம்மா பாத்த?

பெண்கள் பள்ளித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால்
பாதி மைதானம் தெரியும், ஒரே ஒரு கோல் கம்பத்தோடு.
மறுபாதியில் நடந்ததையெல்லாம்
சத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்வேன்.
இடைவேளைக்குப் பிறகு அவர் என் பாதிக்கு வருவார்.
வீட்டில் அம்மாவின் இரண்டு கரித்துணிகளை
உள்ளங்கையில் சுற்றிக் கட்டிக்கொண்டு
கோணி மூட்டைமேல் பாய்ந்திருக்கிறேன், இடது பக்கமாக,
அவர் பாய்ந்த மாதிரியே.
மூட்டை தள்ளிப்போன ஒருநாள்
முழங்கை கிழிந்தது. இன்னும் இருக்கிறது
அந்த ரேகை.

இதையெல்லாம் அவர்களிடம் சொல்லவில்லை.
தொட்டியை மட்டும் சொன்னேன்.

"அவரையே கேளுங்க" என்றான் கோபிநாத்.
அவனுக்குக் கடையை மூட வேண்டும்.

கதவு யோசித்தார்.
"நான் தப்பான பக்கம் விழுந்துட்டேன்.
பந்து போஸ்ட்ல அடிச்சு
என் முதுகுல பட்டு
வெளிய போச்சு."

வரிசையில் பேச்சில்லை.
யாரோ பையைத் தோள் மாற்றிக்கொண்டார்கள்.
நூருல்லா என் பக்கம் சாய்ந்து
மெதுவாகச் சொன்னார்:
"வயசாயிடுச்சு பாவம். ஞாபகம் தப்பிப்போச்சு."

கோபிநாத் இன்னொரு கருவியை எடுத்தான்.
கண்ணைக் காட்டுங்க. நல்லாத் திறங்க. அசையாதீங்க.

அவர் குனிந்தார்.
முழங்கால் கொஞ்சம் மடிந்தது, கைகள் இடுப்பைவிட்டு விலகின,
இமை மேலே ஏறி அப்படியே நின்றது.
தொட்டிமேல் இருந்து பார்த்தபோது முதுகுதான் தெரியும்.
அந்தக் கண்ணை இப்போதுதான் பார்க்கிறேன்.
எனக்குப் பின்னால் யாரோ, சத்தியமாக நான் இல்லை,
"சாத்து" என்றார்கள்.

கீ என்றது மெஷின்.
அரிசி. சர்க்கரை. எண்ணெய்.
பருப்புப் பாக்கெட்டைக் கோபிநாத் தள்ளிய வேகத்தில்
அது மேசை விளிம்பு வரை சறுக்கி வந்தது.
நூருல்லா பாய்ந்தார். முனிகிருஷ்ணன் பாய்ந்தார்.
என் இடது கை தானாக நீண்டது.

கதவு அசையவில்லை.
பாக்கெட் விழுந்து உடைகிறவரை
அதன்மேலேயே கண்ணை வைத்திருந்தார்.

"வெளிய போற பந்து" என்றார்,
"விட்டுட்டேன்."

தரையில் உட்கார்ந்து பருப்பைக் கூட்டி அள்ளினோம்.
"ஃப்ரீ கிக்தான்" என்றார் முனிகிருஷ்ணன்,
தலையைத் தூக்காமலே.