நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

டொராண்டோவிலிருந்து கடிதம்.
நாங்கள் படித்து வளர்ந்த கப்பற்கதைக்கு
எழுபதாம் ஆண்டுப் பதிப்பு வருகிறதாம்.
"நீங்கள் ஓய்வுபெற்ற செவிலி.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டும்,
முப்பது சொல்லுக்கு மிகாமல்."

அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.
பையனின் கால்விரல்கள் மெழுகுவத்தியாய் வெளுக்கின்றன.
பனியை அள்ளித் தேய், ரத்தம் தானே திரும்பும்
என்கிறார் மாலுமி, தாடிக்குள் சிரித்தபடி.
தேய்க்கிறார்கள்.
அடுத்த அத்தியாயத்தில்
பையன் மேசைமேல் ஏறி ஆடுகிறான்.

கிம்லி. ஏரி இறுகிக் கிடந்த பிப்ரவரி.
எனக்குப் பதினொன்று, ஹால்டோருக்கு ஏழு.
வலை இறக்க வெட்டிய துளையில்
முழங்கால்வரை போய்விட்டான்.
பூட்ஸைக் கழற்றினேன்.
புத்தகத்தில் சொன்ன அதே வெள்ளை.
பயமே வரவில்லை எனக்கு;
அதுதான் இன்றும் உறுத்துகிறது.
பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தவள்போல்
சந்தோஷமாக அள்ளினேன் பனியை.
தேய்த்தேன். தோல் உரிந்தது. இன்னும் தேய்த்தேன்.
அவன் அழவில்லை.
குணமாகிறது என்று நினைத்தேன்.

இரண்டு விரல் போயிற்று,
இடது காலில், கடைசி இரண்டு.
யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார் டாக்டர்.
புத்தகத்தின் பெயரைச் சொன்னேன்.
பேனாவை மூடினார்.
என் மகளுக்கு இப்போது அதைத்தான் வாசிக்கிறேன் என்றார்,
சுவரைப் பார்த்து.

எழுதுகிறேன்:
தேய்க்கக் கூடாது. பனியாலும் கூடாது, கையாலும் கூடாது.
முழங்கை தாங்கும் வெதுவெதுப்பான நீரில் காலை வையுங்கள்.
உடனே மருத்துவமனை.

பதினான்கு சொல். பதினாறு மீதி.
மீதியில் என்ன எழுத?
மையால் வரைந்த கால் கறுப்பதில்லை என்றா?
ஏட்டுப் பனி காலுக்கு ஆகாது என்றா?

ஹால்டோரைக் கூப்பிட்டேன்.
பின்னால் எண்ணெய் பொரியும் சத்தம்.
"குறிப்பைப் போடு, தாராளமாகப் போடு.
ஆனால் அந்த ஆட்டத்தை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்."
ஏன் என்றேன்.
"ஆஸ்பத்திரிக் கட்டிலில் தினமும் அதைத்தானே படித்தேன்.
எட்டு விரலோடு ஆடுகிறான்
என்று வைத்துக்கொள்வேன்.
நன்றாகத்தான் ஆடினான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மீன் தீய்கிறது என்று வைத்துவிட்டான்.

பதினான்கு சொல்லை உறையிலிட்டு ஒட்டினேன்.
பதினாறை
டொராண்டோ வைத்துக்கொள்ளட்டும்.