எந்த வளைவு?

முதல் கணவாய் ஏறிய இரவு
தீர்த்தகிரிக்குத்தான் போன் போட்டேன்.
எனக்குப் பதினொன்று, அவனுக்கு ஏழரை.
"டேய், கணவாய் புடிச்சேன்டா."
அந்தப் பக்கம் டி.வி. சத்தம் சட்டென்று குறைந்தது.
"எந்த வளைவு? எத்தினி டன்னு?"

தொப்பூர்ச் சாலையில் கிரேன் ஓட்டுகிறவன்
வேறெப்படிக் கேட்பான்.
நல்லம்பள்ளியில் பிறந்த எவனுக்கும்
கணவாய் என்றால் இறக்கம்,
பிரேக் கருகும் வாடை,
ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற போன்.
அது நீந்தும் என்பது
எனக்கே அந்த வருஷம்தான் தெரியும்.

ஓசூர்க் கம்பெனி என்னைப் பயிற்சிக்கு அனுப்பிய
ஜப்பான் விரிகுடா ஊரில்
சனிக்கிழமை ராத்திரிக்கு வேறு வேலை இல்லை.
பக்கத்து லேத்தில் நின்ற பிலிப்பைன்ஸ்காரன் ரோமெல்
படகுத்துறைக்குக் கூட்டிப்போய்த் தூண்டில் இரவல் கொடுத்தான்.
நுனியில் துணி சுற்றிய பொய் இறால்,
வாலில் முள் கிரீடம்.
இரண்டு வெட்டு வெட்டி இழு,
அப்புறம் விட்டுவிடு, தானாக அமிழட்டும்.
அமிழும்போதுதான் வந்து கட்டிக்கொள்ளும்.
மீன் மாதிரி வெடுக்கென்று இல்லை.
கிணற்றில் விழுந்த போர்வையை இழுப்பதுபோல்
ஒரு கனம், கொஞ்சம் தளர்வு, மறுபடி கனம்.

மேலே வந்ததும் என் சட்டையில் துப்பியது.
பழுப்பு, வெள்ளை, பழுப்பு என்று
உடம்பு முழுக்க எரிந்து எரிந்து அணைந்தது.
ரோமெல் புஸித் என்றான்.
அந்த ஊரார் இகா என்றார்கள்.
கிளம்பும் முன் வாளியில் கடல் மொண்டு
கான்கிரீட்டில் விழுந்த மையைக் கழுவிவிட்டோம்.
அது அங்கே மரியாதை.

திரும்பி வந்த ஆடியில்
கிருஷ்ணகிரி அணையில் அதே இறாலை வீசினேன்.
ஒரு ஜிலேபிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.
பனியன் ஒன்று வந்தது, நாற்பத்திரண்டு சைஸ்.

மார்கழியில் அவன் போன்.
"கெளம்பி வா.
உன் கணவாய் எங்க கணவாய்ல கெடக்குது."

மல்பேயிலிருந்து தூத்துக்குடிக்குப் போன ஐஸ் வண்டி
இரட்டை வளைவில் படுத்திருந்தது.
தக்காளி லோடு என்றால் பத்து நிமிஷத்தில் ரோடு சுத்தம்,
பீர் என்றால் அதுவும் ஆகாது.
இதற்கு மட்டும் கூட்டம் பையும் கையுமாய் நின்று
செருப்புக் காலால் தள்ளிப் பார்த்தது.
"இன்னாது இது, கையுறையா?"
குந்தி ஒன்றை எடுத்தேன்.
நிறம் மாறவில்லை. வெறும் வெள்ளை.
மை கொட்டியிருந்தால் தார் அதைத் தனக்குள் வைத்துக்கொண்டது.
கழுவ ஒன்றுமில்லை.

தீர்த்தகிரி கொக்கி மாட்டினான்.
இழுத்தான், விட்டான், இழுத்தான்.
பின்னால் மேடு வரைக்கும் லாரி விளக்குகள் நின்றன,
விடிவதற்கு முன் துறைக்குத் திரும்பும் படகுகள்போல.
எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிந்திருக்கும்;
மற்றவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் கேட்டாள்,
"திங்கலாமா? களிக்கு ஆவுமா?"
"ஆவும். உள்ளே கண்ணாடிப் பேனா மாதிரி ஒண்ணு இருக்கும்,
உருவிப் போடுங்க.
ரெண்டே நிமிஷத்துல எறக்கிடணும்,
இல்ல முக்கா மணி நேரம் வேகணும்.
நடுவுல நிறுத்தினா ரப்பர்."
"நடுவுல நின்னா எந்தக் கணவாயும் அப்படித்தான்" என்றான் தீர்த்தகிரி,
சிரிக்காமல், இரும்புக் கயிற்றைப் பார்த்தபடி.

டிரைவர் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தான்,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
யாரோ கொடுத்த போனில் கன்னடத்தில்
ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை,
பொண்டாஸ் மட்டும்தான் போச்சு என்று
திரும்பத் திரும்பச் சொன்னான்.
பிறகு போனை நெஞ்சோடு மூடிக்கொண்டு
என்னிடம் தமிழில் கேட்டான்,
"இதுக்குப் பேர் என்னா சார்?"

"கணவாய்" என்றேன்.

"அது தெரியும் சார்.
எடம். எடத்துப் பேரு.
வீட்ல கேக்கறாங்க."