முதல் பஸ்

கோத்தகிரியில் முதல் பஸ் என் கையில்.
இருபது வருஷம் வெறும் டீயோடு இறங்கினேன்;
பசி, மேட்டுப்பாளையத்தில்
போண்டாவைப் பார்த்துத்தான் விழிக்கும்.

கண்டக்டர் போஜனை
ஓர் இரவு வலி சுருட்டிப்போட்டது.
ஆபரேஷன் முடிந்து
மருந்துப் புட்டியைக் குலுக்கிக் காட்டினார்:
பதினொரு கல். மிளகைவிடச் சற்றே பெரிசு.

வளைவில் மழைக்குப் பாறை உருண்டால்
ஜேசிபி வரும்.
இதுவோ
வேளைக்குச் சோறு காணாத உடம்பில்
பித்தம் தேங்கித் தேங்கிச்
சத்தமில்லாமல் விளைந்த சரளை.

இப்போது ஐந்து மணிக்கே களி, அவரைக் குழம்பு.
டிப்போவில் கேலி: "டிரைவருக்கு விடியுமுன்னே விருந்து!"
சாயங்காலம் டானிங்டன் வரை நடை.

உனக்குக் கல் வராது என்று
டாக்டர் சத்தியம் செய்யவில்லை.
மலை மட்டும் செய்ததா?
பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான்
தினமும் இறங்குகிறேன்.