அசையாதீர்கள்

நாளொன்றுக்கு நாற்பது முறை சொல்கிறேன்:
அசையாதீர்கள்.
மார்பில் ஈயக் கவசம் போர்த்தி
பற்களுக்கிடையே பிளாஸ்டிக் துண்டைச் செருகி
சுவருக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்துகிறேன்.
சில்வர் சிட்டியில் பாதிப்பேரின் கடைவாய்ப் பற்கள்
எனக்கு அத்துப்படி.
கடைத்தெருவில் யாராவது சிரித்தால்
பெயருக்கு முன்னால் வேர்கள் நினைவுக்கு வரும்.

மாலையில் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறேன்.
ஒரு பங்கு சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர்.
சாயம் கூடாது,
குப்பியின் அடித்தட்டே போதுமான சிவப்பு.
எறும்பு இறங்காதபடி மேலே
கைப்பிடியளவு ஓர் அகழி.

துருநிறத்தில் ஒரு ரீங்காரச் சிட்டு.
ஐந்து சென்ட் நாணயத்தைவிட எடை குறைவு;
அதிகாரமோ மாவட்டம் முழுக்க.
ஷெரிஃப் என்று பெயர் வைத்தேன்.
வேறு எந்தச் சிட்டும் ஒரு வாய் குடித்துவிட முடியாது,
ஊசியை நீட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

கோடையில் எடுத்தவை இரண்டாயிரத்துச் சொச்சம்.
வெறும் குப்பி.
ஓரத்தில் வால்நுனி.
ஒரு கறை.
பக்கத்து வீட்டு எரிவாயுத் தொட்டி,
துல்லியமாக, மீண்டும் மீண்டும்.

தொட்டிக்குச் சொந்தக்காரர் வெண்டல்,
செப்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டி ஓய்ந்தவர்,
வேலிக்கு மேலாக யோசனை சொன்னார்:
நொடியை நாலாயிரமாக நறுக்கு.
நறுக்கினேன். இறகுகள் நின்றன,
பசைபோட்டு ஒட்டியதுபோல.
நொடியை நீட்டினேன். இறகுகளே இல்லை;
ஒரு சின்ன உடம்பு
எதிலும் தொங்காமல் தொங்கியது.
இரண்டும் அவனல்ல.

கழுத்தோ இன்னும் மோசம்.
கரிபோல இருக்கும்.
ஒரு மயிரிழை திரும்புவான்,
மின் அடுப்பின் சுருள்போலப் பழுக்கும்.
அப்போது கேமரா
முந்தைய நொடியில் இருக்கும்.

யூசேபியோ, என் கணவன், அடுப்படியிலிருந்து கத்தினான்:
பேசாமல் அவனுக்கு உன் கிளினிக்கில்
ஒரு நேரம் குறித்துக் கொடேன்.

அக்டோபரில் முதல் உறைபனி.
இரவில் குப்பியை உள்ளே எடுக்க மறந்துபோனேன்.
காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால்
ஷெரிஃப்
தலைகீழாகத் தொங்குகிறான்.
ஒற்றைக் காலா இரட்டைக் காலா தெரியவில்லை,
உப்பிய இறகுக்குள் எல்லாம் மறைந்திருந்தது.
கண் ஒரு கோடு.

கை தானாகவே கேமராவுக்குப் போயிற்று.
அவசரமே இல்லை.
அலகின் நுனியில் காய்ந்த சர்க்கரை,
நெற்றியில் மீன்செதில்போல் அடுக்கு,
எல்லாம் காத்திருந்தன.
மூச்சை அடக்கினேன்.
பழக்கதோஷம், வாய் முணுமுணுத்தது:
அசையாதீர்கள்.

ஒரே ஒரு படம்.
அந்தச் சொடுக்கு
கதவை அறைந்ததுபோலக் கேட்டது.
அவன் கண்கோடு திறக்கவில்லை.

கோடை முழுக்க நான் கேட்டது
இதைத்தானா?

கேமரா கழுத்தில் கனத்தது.
அசை என்றேன்.
டேய், அசை.

சூரியன் வெண்டலின் தொட்டியைத் தாண்ட
இருபது நிமிடம் பிடித்தது.
முதலில் வால் ஒரு நடுக்கம்.
பிறகு தொண்டை.
பிறகு முழு உடம்பும்
பழைய குளிர்பெட்டி ஓடத் தொடங்குவதுபோல
உதறியது.
பிடி விட்டான், விழுந்தான்,
தரைக்கு ஒரு சாண் இருக்கையில்
இல்லை.

படத்தை யூசேபியோ பெரிதாக்கிப் பார்த்தான்.
நல்லா வந்திருக்கே, பொம்மையா, என்றான்.
அச்சுக்கும் கொடுக்கவில்லை, அழிக்கவும் இல்லை,
அட்டையில் கிடக்கிறது.
குப்பியில் பாதி உறைந்ததைக் கொட்டிவிட்டுப்
புதிதாகக் காய்ச்சினேன். ஒன்றுக்கு நான்கு.
நண்பகலில் ஒரு குளவியை அவன்
தெருவரைக்கும் விரட்டினானாம்,
வெண்டல் சாட்சி.

ஒன்பது மணிக்கு முதல் ஆள், திருமதி லுசேரோ,
கீழ்வரிசை, இடதுபக்கம்.
கவசம் போர்த்தினேன், சுவருக்குப் பின்னால் போனேன்,
அழுத்தினேன்.
கறுப்பில் வெள்ளை வேர்கள், கச்சிதம்.
அப்பாலிருந்து
அவர் மூச்சை விடும் சத்தம் கேட்கும்வரை
நானும் விடவில்லை.