இருபது பாகை

வெளியே சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
குழாய் உறையும், இரவு முழுக்க
பென்சில் தடிப்பில் தண்ணீரைத் திறந்துவிடு
என்று வின்னிபெக் நகரசபை கடிதம் போட்டிருக்கிறது.

எனக்கு வேண்டியது இருபது.
பதினெட்டென்றால் நிழலெல்லாம் மெலிந்துபோகும்,
இருபத்துநான்கென்றால் வானம் கட்டிபடும்.
கோழிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானியை
கோப்பிக்குள் விட்டுக்கொண்டு
குளியல்தொட்டி விளிம்பில் குந்தியிருக்கிறேன்.

சலவைச் சோடா ஐந்து கரண்டி
(பகலெல்லாம் ஆஸ்பத்திரி வெள்ளைத்துணியோடு மாரடிக்கிறவளுக்கு
சோடாவின் குணம் சொல்லித்தர வேண்டாம்),
விட்டமின் சி இரண்டு,
கடையிலேயே ஆக மலிவான கோப்பித்தூள் பத்து.
நல்ல கோப்பி இதற்கு உதவாது.
வாயில் வைக்கமுடியாததுதான்
படத்தை வெளியே கூட்டிவரும்.
நனைந்த சாக்கும் தீய்ந்த கச்சானும்
சண்டைபிடித்த மணம்.

முதல் சுருளில் ஃபிக்ஸரை முந்தி ஊற்றினேன்.
முப்பத்தாறு படமும் வெறும் கண்ணாடி.
அதைக் கொஞ்சநாள் புத்தகத்துக்குள்
அடையாளமாய் வைத்திருந்தேன்.
இன்னொன்றைத் தேயிலைச் சாயத்தில் கழுவினேன்.
மாடு என்றான் தயாபரன்.
எங்கள் சோபா என்றேன்.
இன்னும் முடிவாகவில்லை.

விளக்கை அணைத்தாலும் இந்த அறை இருளாது.
முன்பிருந்தவர்களின் பிள்ளை
கூரையில் ஒட்டிய பச்சை நட்சத்திரங்கள்
சுரண்டச் சுரண்ட மிஞ்சுகின்றன.
அதனால் குளிர் அங்கி இரண்டு:
அவனுடைய பழையதற்குள் என்னுடையதை நுழைத்து,
சிப்பை இழுத்து, கழுத்தை மடித்துக் கட்டி,
கைவழியால் தலைகீழாய்க் கையை விட்டு
உள்ளே, கண்ணில்லாமல்,
பிலிமை ரீலில் ஏற்றுகிறேன்.
அங்கிக்குள் டீசல் மணக்கிறது.

இரவில் அவன் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான்.
நான் உள்ளே வர அவன் வெளியே போகிறான்.
சப்பாத்து விரிப்பில்
அவன் கொண்டுவந்த பனி காயுமுன்
என் பனி சேர்ந்து உருகும்.
மிச்சப் பேச்செல்லாம் பிரிட்ஜ் கதவில்,
மஞ்சள் ஒட்டுத்தாளில்:
வாடகை கட்டியாச்சு. பால் இல்லை.
கீழ்வீட்டுக்காரி மணம் என்று முறைப்பாடு.

முதல் நிமிடம் விடாமல் கவிழ்க்கவேண்டும்.
பிறகு நிமிடத்துக்கு மூன்று தரம்.
ஒவ்வொரு தரமும் தொட்டியில் ஒரு தட்டு,
குமிழி கழன்றுபோக.
பதினைந்து நிமிடம்.
பிறகு தண்ணீர், பிறகு ஃபிக்ஸர்,
பிறகு நகரசபை புண்ணியத்தில்
ஓடிக்கொண்டே இருக்கும் அந்தப் பென்சில்.

உருவி, விளக்குக்கு நேரே பிடித்தேன்.

எங்கள் சமையலறை மேசைக்கு நடுவால்
ஒரு தெரு போகிறது.
சீனிப் போத்தலுக்குள் சந்தி விளக்கு.
ஞாயிறு பகல் தூங்கும்போது களவாய் எடுத்த
தயாபரனின் கன்னத்தில்
காதை நிமிர்த்தி நிற்கிறது
பெரிய காட்டு முயலொன்று.

நான் முயலை எடுக்கவில்லை.

விளங்கக் கொஞ்சநேரம் பிடித்தது.
முடிந்த சுருளை முழுக்கச் சுற்றாமல்
நாக்கை வெளியே விட்டு
முட்டைத் தட்டில் வைத்திருந்தேன்.
நாக்குத் தெரிந்தால் புதுசு என்று
அவனுக்குச் சொன்னதும் நான்தான்.
எடுத்துப்போயிருக்கிறான். சொல்லவில்லை.
மூன்றோ நான்கோ இரவு,
வண்டியின் உயரத்திலிருந்து,
ஒருவருமில்லாத பெம்பினா வீதியை
என் மேசைமேல், என் கரண்டிகள்மேல்
எடுத்து எடுத்து
இருந்த இடத்தில் திருப்பி வைத்திருக்கிறான்.

சட்டங்கள் பொருந்தவில்லை.
அவன் படம் என் படத்தின்
பாதியில்தான் தொடங்குகிறது.
கடைசியில் ஒன்று:
வண்டிக் கண்ணாடியில் கமராவோடு அவன்,
நெற்றிக்குக் குறுக்கே
நான் காயப்போட்ட துணிக்கொடி.

கோபப்படலாமென்று பார்த்தேன்.
இரண்டுமாதப் பரிசோதனை, குறிப்புக் கொப்பி,
நிமிடக் கணக்கு, எல்லாம் போச்சு.
கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டேன்.
சொட்டியது.

ஐந்தே முக்கால்.
அவன் வருமுன் எனக்குப் பேருந்து.
ஒட்டுத்தாளில் எழுதினேன்:

குளியலறையில் தொங்குவது ஈரம். தொடாதே.
கோப்பி முடிஞ்சுது. மலிவானதையே வாங்கு.
முட்டைத் தட்டில் இன்னொரு சுருள் இருக்கு.
நாக்கை வெளியே விட்டிருக்கிறேன்.